மேதையின் பிழையும் மாணவரின் கணக்கும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாலைப் பூசைக்கும் அன்னதானத்திற்கும் இடைப்பட்ட நேரத்தில் பேச வருகின்றவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. மண்டபத்தின் பின்புறத்திலிருந்து எழும் சாம்பார் மணத்தோடு அவன் போட்டியிட வேண்டும். அப்போட்டியில் நான் வெல்லப் போவதில்லை என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன்.

குறை கூறுதல், மேதைமை, சுயசிந்தனை ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இத்தலைப்பைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவர் நக்கீரர். தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்த பாடலில் பொருட்குற்றம் கண்டு, இறைவனே நேரில் வந்து நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் தம் கருத்தை மாற்றாது நின்று, வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார் அப்புலவர் என்று திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. தன் தெய்வத்தையே எதிர்த்து வாதிட்ட ஒருவரை, ஒரு சமய நூல் இழித்துரைக்காமல், மீண்டும் கரையேற்றி அருள் பெறச் செய்கின்றது. இஃது எண்ணி மகிழத்தக்க செய்தியே. ஆயினும் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. நாம் நக்கீரரைப் போற்றுகின்றோம்; ஆனால், நம் வாழ்வில் நக்கீரர் நின்ற இடத்தில் நிற்கும் வாய்ப்பு நமக்கு எத்தனை முறை வாய்க்கின்றது? பெரும்பாலும் நாம் இருப்பது அவையில், ஏனைய புலவர்களின் வரிசையில். வாதம் நிகழ்ந்த நேரத்தில் அவர்கள் என்ன எண்ணிக்கொண்டு அமர்ந்திருந்தனர் என்று நாம் கேட்பதே இல்லை.

அக்கேள்வியோடு, நம் காலத்திற்கு அண்மையில், இலண்டன் மாநகரில் கூடிய வேறோர் அவைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். அங்கும் நின்றவர் ஒரு தமிழரே.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தவர். தந்தையார் இரயில்வே கணக்குத்துறையில் உயர் அலுவலர். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்தவர். சிறிய தந்தையார், 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் மேதையானதில் வியப்பென்ன என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்ல வந்தது அவருடைய மேதைமையைப் பற்றியன்று. அவர் பெற்ற இருவகைக் குறைகூறல்களைப் பற்றி.

முதலாவது 1928இல் நிகழ்ந்தது. செருமானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த சந்திரசேகர், அவ்வறிஞரின் அணுவியல் நூலைத் தாமே படித்துத் தேர்ந்தவர். அத்துணிவில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். தம் நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கும் இளைஞனிடம் அப்பெரியவர் சொன்ன செய்தி என்ன தெரியுமா? அந்நூல் வெளிவந்த பின்னர் இயற்பியல் அடியோடு மாறிவிட்டது. நீ கற்றது பழையதாகிவிட்டது என்பதே. எவ்வளவு பெரிய ஏமாற்றம்! ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. புதிய குவாண்டம் கொள்கையின் அடிப்படையில் உலோகங்களிலுள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை அவர் கையிற் கொடுத்தனுப்பினார். அதனைக் கற்ற சந்திரசேகர், சில திங்களிலேயே தம் சொந்த ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்தார். குறை கூறியவர் தம்முடைய நூலையும் சேர்த்தே குறை கூறினார் என்பதையும், வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930 ஜூலை 31ஆம் நாள், பத்தொன்பது வயது இளைஞராகப் பம்பாயில் கப்பலேறினார் சந்திரசேகர். கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசானாக அமையவிருந்த ஃபவுலர் என்பார், 1926இல் வெண்குறுமீன்களைப் பற்றி ஓர் அரிய கட்டுரை எழுதியிருந்தார். வெண்குறுமீன் என்பது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன். சிரியஸ் விண்மீனின் துணைமீன் அத்தகையது. சூரியனளவு நிறை, ஏறக்குறைய பூமியளவு உருவத்துக்குள் அடைந்து கிடக்கின்றது. அதில் ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடையிருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் அது மேலும் நொறுங்கிப் போகாமல் தடுப்பது எது? நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமே என்று ஃபவுலர் விடை கண்டிருந்தார்.

கப்பலிலே நூல்களோடு அமர்ந்திருந்த இளைஞருக்கு ஒன்று தோன்றிற்று. அத்துணை நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓட வேண்டுமே. அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமன்றோ? சேர்த்துப் பார்த்தார். எதிர்பாராத விடை வந்தது. விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால், எலக்ட்ரான்களின் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாது; அவ்விண்மீன் வெண்குறுமீனாக அமைதியடையவே இயலாது. அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது இன்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ள செய்தி. ‘சந்திரசேகர் எல்லை’ என்பது அதன் பெயர்.

ஈண்டு நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். சுயசிந்தனை என்றால் முன்னோர் சொன்னதையெல்லாம் தள்ளிவிடுவது என்று சிலர் எண்ணுகின்றனர். சந்திரசேகர் ஃபவுலரைத் தள்ளவில்லை, ஐன்ஸ்டைனையும் தள்ளவில்லை. இருவரையும் முழுமையாகக் கற்று, இருவர் சொன்னதையும் ஒரே தாளில் எழுதி, விடை எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கே போனார். அவ்வளவுதான். அவ்விடத்திற்கு அதற்குமுன் மிகச் சிலரே எட்டிப் பார்த்திருந்தனர்.

கேம்பிரிட்ஜில் அவர் 1933இல் முனைவர் பட்டமும், அதே ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் தகுதியும் பெற்றார். 1918இல் கணித மேதை இராமானுசன் பெற்ற தகுதி அது. அங்கேதான் எடிங்டனின் அண்மை கிட்டிற்று. விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அன்றைய உலகில் எடிங்டனுக்கு நிகராகப் பேசத்தக்கவர் இலர் எனலாம். அவர் எழுதிய நூலைப் படித்து வளர்ந்தவர் சந்திரசேகர். அப்பெரியவர் அடிக்கடி இவருடைய அறைக்கே வந்து, கணக்கு எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் செல்வார். கூட்டத்தில் இவருக்கு வழக்கத்தினும் கூடுதலான நேரம் கிடைக்கவும் அவரே ஏற்பாடு செய்தார். ஆனால் அத்தனை வருகைகளிலும் தமக்கிருந்த மறுப்பை அவர் ஒருமுறையேனும் வாய்திறந்து சொன்னாரில்லை.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டம். இருபத்துநான்கு வயதுச் சந்திரசேகர் தம் முடிவுகளை எடுத்துரைத்து அமர்ந்தார். அடுத்து எழுந்தவர் ஐம்பத்திரண்டு வயது எடிங்டன். நகைச்சுவை ததும்பப் பேசுவதில் அவர் வல்லவர். சந்திரசேகரின் கணக்கு சரியென்றால் ஒரு பெரிய விண்மீன் மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போய், இறுதியில் அதன் ஒளியே வெளியேற முடியாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்துவிடும். இப்படி ஒரு பொருந்தாத முடிவைத் தரும் கணக்கில் அடிப்படையிலேயே பிழையிருக்க வேண்டும். விண்மீன் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். அவை சிரித்தது. இளைஞருக்கு மறுமொழி கூற வாய்ப்புக் கிட்டவில்லை. கூட்டம் கலைந்தபின், ஐயோ பாவம் என்ற பாவனையில் சிலர் அவரிடம் வந்து பேசினர்.

அன்பர்களே, எடிங்டன் நகையாடிய அந்தப் பொருந்தாத முடிவு என்ன? இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கருந்துளைதான் அது! அன்று அந்த அவையில் அதனை மனக்கண்ணால் தெளிவாகக் கண்டவர் எடிங்டனே. கண்டார், நம்ப மறுத்தார். மேதைமை அவருக்குக் காட்டிக் கொடுத்ததை, மேதைமையின்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கையே மறைத்துவிட்டது.

எடிங்டனைத் தீயவராகச் சித்திரித்துக் கைதட்டல் வாங்குவது எளிது. வெள்ளையர் ஒரு தமிழரை இகழ்ந்தார் என்று முடித்துவிட்டால் நமக்கும் மனநிறைவாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. முதல் உலகப் போர்க்காலத்தில், குவேக்கர் சமயத்தவரான எடிங்டன் படைக்குச் செல்ல மறுத்தவர். செருமனியோடு தம் நாடு போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கொள்கையை இங்கிலாந்தில் எடுத்துரைத்தவர். 1919இல் ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள பிரின்சிபித் தீவுக்குச் சென்று, சூரிய கிரகணத்தின்போது விண்மீனொளி வளைவதை அளந்து வந்து, அக்கொள்கைக்குச் சான்று தந்தவர். ஊரே ஒருபுறம் நின்றபோது தனியே மறுபுறம் நிற்க அஞ்சாதவர் அவர். அப்படிப்பட்டவர்தாம் 1935இல் தவறினார். ஊரார் பேச்சுக்கு அஞ்சாத அதே மனவுறுதி, முதன்முறை அவரை உண்மையின்பால் செலுத்திற்று. இரண்டாம் முறை உண்மைக்கு எதிரே நிறுத்திவிட்டது. முன்னர் அவர் ஒரு கிரகணத்தை அளந்து பார்த்தார்; பின்னர் தம் உள்ளுணர்வு சொன்னதே போதுமென்று இருந்துவிட்டார். சந்திரசேகரே பிற்காலத்தில் இதைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்கின்றார். பேருண்மை ஒன்றைக் கண்டவர்கள், இயற்கையைக் காணும் தனிப்பார்வை தமக்கு வாய்த்திருப்பதாக எண்ணிவிடுகின்றனர். அதன்பின் இயற்கை தம் பார்வைக்கு இணங்க வேண்டுமென்று ஒருவகைச் செருக்குக் கொள்கின்றனர் என்பது அவர் கருத்து.

இனி, அவையினரைப் பார்ப்போம். சந்திரசேகர் கோபன்ஹேகனிலிருந்த ரோசன்ஃபெல்டுக்குக் கடிதம் எழுதினார். அவரும் மாமேதை நீல்ஸ் போரும் எடிங்டன் வாதத்தில் பொருளில்லை என்றே கருதினர். பௌலியும் அவ்வாறே கருதினார். குவாண்டம் இயற்பியலின் தலைமக்கள் இவர்கள். இவர்களுள் ஒருவர் வெளிப்படையாக இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. வானியலாரின் சண்டை தங்களுக்கு எதற்கு என்று இருந்தனர் போலும். அதே 1935இல் பாரிசில் கூடிய அனைத்துலக வானியல் மாநாட்டிலும் எடிங்டன் இக்கொள்கையைத் தாக்கிப் பேசினார். தலைமை வகித்த அமெரிக்கப் பேரறிஞர் ரசல், எடிங்டன் சொல்வதைத் தாம் நம்பவில்லை என்று சந்திரசேகரிடம் தனிமையில் சொன்னவரே. ஆனால் மறுத்துப் பேச இளைஞருக்கு இடம் தரவில்லை.

சிரிப்பு சபையில் எழுந்தது. ஆறுதல் தாழ்வாரத்தில் சொல்லப்பட்டது. இவ்வாறு நடந்த அநீதியில் எடிங்டனுக்கு ஒரு பங்கு என்றால், அறிந்தும் வாய்மூடியிருந்தவர்களுக்கு அதனினும் பெரிய பங்கு உண்டு என்பது என் துணிபு. எடிங்டனாவது தாம் உண்மையென்று நம்பியதைத்தான் பேசினார்.

சந்திரசேகர் என்ன செய்தார்? வாழ்நாள் முழுதும் வாதிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1937இல் அமெரிக்காவுக்குச் சென்று, சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்சு வான் ஆய்வகத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் கண்ட அனைத்தையும் ஒரு நூலாக எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். சில ஆண்டுகள் ஒரு துறை, அதன் முடிவில் ஒரு பெருநூல், பின்னர் வேறு துறை என்பதே அவர் வாழ்க்கை முறையாயிற்று. 1983இல், எழுபதைக் கடந்த வயதில், கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில் விண்ணகமே சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. 1967இல் துடிமீன்கள் கண்டறியப்பட்டன. அவை வெண்குறுமீனைக் காட்டிலும் செறிந்த நியூட்ரான் மீன்கள் என்பது தெளிவாயிற்று. கருந்துளைகளுக்கும் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

என் நெஞ்சைத் தொட்டது பரிசன்று. எடிங்டனோடு அவர் நட்பு முறியவே இல்லை. கடல் கடந்த பின்னும் இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. 1944இல் எடிங்டன் மறைந்தபோது இரங்கலுரையாற்றி அவரைப் போற்றியவர் சந்திரசேகர். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பெற்றவரும் அவரே. தம் காலத்து விண்ணியற்பியலாருள் தலைசிறந்தவர் எடிங்டன் என்றே அங்கும் உரைத்தார். அவ்வாறு உரைத்தமையால் பழைய வழக்கை மூடி மறைக்கவும் இல்லை, எந்த இடத்தில் எடிங்டன் தவறினார் என்பதையும் அங்கேயே எடுத்துக் கூறினார். அன்றே தம் கொள்கை ஏற்கப்பட்டு இளமையிலேயே பெரும்புகழ் வந்திருந்தால் அது தமக்கு நன்மையாக இருந்திருக்குமா என்பது ஐயமே என்றும் அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. ஆனால் அவர் தாங்கிக்கொண்டார் என்பதற்காக, நகைத்தது நல்லதற்கே என்று நாம் சொல்லிவிடக் கூடாது. தாங்கமுடியாமல் ஒதுங்கிப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்காக நூற்றாண்டு விழாவும் நடப்பதில்லை.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். இதுவரை பிற நாட்டார் கதை சொன்னேன். இது என் கதை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். ஒரு குழாய் ஒரு தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். மற்றொரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்துவிட்டால் எவ்வளவு நேரமாகும் என்பது கணக்கு. ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று பின்னங்களை எழுதிக் கூட்டுவது நான் கற்பித்த முறை. பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, பின்னமே எழுதாமல் இரண்டு வரியில் 2 மணி நேரம் என்று விடை எழுதியிருந்தாள். அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதினாயா என்று வகுப்பறையில் எல்லார் முன்னும் கேட்டேன். அவள் எழுந்து, ஆறு மணி நேரம் திறந்து வைத்தால் முதற்குழாய் ஒரு தொட்டியை நிரப்பும், இரண்டாவது இரண்டு தொட்டிகளை நிரப்பும், ஆக மூன்று தொட்டி என்று சொல்லத் தொடங்கினாள். அவளை நான் முடிக்கவிடவில்லை. நம் தோட்டத்தில் ஒரு தொட்டிக்கே தண்ணீரைக் காணோம், உனக்கு மூன்று தொட்டியா என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிரவு வீட்டில் தாள்களைத் திருத்தும்போது அவள் சொல்லவந்ததை முழுதும் போட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் மூன்று தொட்டி என்றால் ஒரு தொட்டிக்கு இரண்டு மணி நேரம். என் முறையைவிடத் தெளிவான முறை! சிவப்பு மையால் போட்டிருந்த தவற்றுக்குறியை அடித்துவிட்டு, முழு மதிப்பெண் இட்டேன். மறுநாள் தாளை அவளிடம் மடித்துக் கொடுத்தேன். வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிரியரின் மதிப்பு என்னாவது என்ற எண்ணம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, சொல்லாமல் விட்டதே நல்லது என்றார் அவரும். அப்பிள்ளை பின்னர் ஒருநாளும் என் வகுப்பில் கை தூக்கவில்லை. நான் கற்பித்த முறையிலேயே எல்லாக் கணக்கையும் போட்டாள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குக் குடும்பச் சூழல் உட்படப் பல காரணங்கள் இருந்திருக்கும். என் கேலி ஒன்றே காரணமென்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமையே. ஆனால் அந்தக் கை இறங்கியதற்குக் காரணம் நான்தான்.

திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை இம்மண்டபத்திலுள்ள சிறுவரும் ஒப்பிப்பர். நானும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். சொல்பவர் பன்னிரண்டு வயதுத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்த அந்த ஒரு நாளில் அது எனக்குக் கைகொடுக்கவில்லை.

சபையில் சிரிக்க வைத்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தவன் நான். இலண்டனில் தாழ்வாரத்தில் ஆறுதல் சொன்னவர்களைக் குறை கூறிய நாவுக்கு, இதைச் சொல்லாமல் விடும் தகுதி இல்லை. அந்த வகுப்பில் அன்று இருந்தவர்களுள் சிலர் இவ்வூரிலேயே இருக்கின்றனர். இன்று இங்கு வந்திருக்கவும் கூடும். அவர்கள் கேட்கும்படி சொல்கின்றேன்: அந்தப் பிள்ளை போட்ட கணக்கு சரி. மூன்று தொட்டி என்று அவள் சொன்னது சரி. நாம் சிரித்தது தவறு. சிரிக்க வைத்தவன் நான்.